பசியோடு போராடியவர்கள் – 12: வடிகஞ்சி கேட்ட ஊரிலிருந்து ஒருவர்

சோறு வடித்த கஞ்சியை நம் வீடுகளில் மாட்டுத் தொட்டியில் ஊற்றுவார்கள். வேட்டிக்கும் சேலைக்கும் போட்டு மொடமொடப்பாகக் காயவைப்பார்கள். உப்புப் போட்டுக் குடிக்கிறவர்களும் உண்டு. வங்காளத்தில் அதற்கு ‘ஃபேன்’ என்று பெயர். 1943-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் கல்கத்தா வீதிகளில் எலும்பும் தோலுமாக வந்து நின்றவர்கள் வீட்டு வாசலில் நின்று, “ஃபேன் தாவ், மா” என்றுதான் கேட்டார்கள். சோறு கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. எப்படியும் கீழே ஊற்றப் போகிற தண்ணீரைத் தங்கள் தகரக் குவளையில் ஊற்றும்படி கேட்டார்கள். அதையாவது ஊற்றிய வீடுகள் உண்டு. கதவையே திறக்காத வீடுகளும் உண்டு.

அந்தக் குரல் ஒலித்த மாகாணத்தில் அரசு அதிகாரியாக இருந்த ஒருவர், 13 ஆண்டுகள் கழித்து உலகம் முழுவதற்குமான உணவு அமைப்பின் தலைவரானார். பினய் ரஞ்சன் சென். சென்ற இதழில், உலக நாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓர் உணவு வாரியம் வேண்டும் என்று கேட்டு, அமெரிக்காவும் பிரிட்டனும் மறுத்ததால் 1948-ல் மனம் கசந்து வெளியேறிய ஜான் பாய்ட் ஓரைப் பார்த்தோம். அவர் விட்டுச்சென்ற நாற்காலியில் நான்காவதாக அமர்ந்தவர் இவர். ஆசியாவிலிருந்து அங்கே போய் அமர்ந்த முதல் மனிதர். பிறந்தது 1898-ல், அசாமின் திப்ருகரில். கல்கத்தாவிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்து 1922-ல் ஐ.சி.எஸ். அதிகாரி ஆனார். நம் பாடப் புத்தகங்களில் இவர் பெயர் இல்லை. அந்தக் குறையை இந்த ஓர் அத்தியாயமாவது கொஞ்சம் ஈடுகட்டட்டும் என்பது என் ஆசை.

மிட்னாபூர் மாவட்டத்துக்கு 1937-ல் கலெக்டராகப் போனார் சென். அந்த மாவட்டம் அப்போது அதிகாரிகளுக்கு அச்சமூட்டுகிற மாவட்டம். 1931, 32, 33 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகளில் மூன்று வெள்ளைக்கார கலெக்டர்கள் அங்கே புரட்சியாளர்களால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். சென் மூன்று ஆண்டு அங்கே இருந்துவிட்டு, கல்கத்தாவில் மாகாண வருவாய்த் துறைக்கு வந்தார். பிறகு நிவாரண ஆணையர் ஆனார்.

1942 அக்டோபர் 16. வங்கக் கடலிலிருந்து எழுந்த புயல் அதே மிட்னாபூரின் கடலோரத்தைத் தாக்கியது. கடல் நீர் கரையைத் தாண்டி ஊருக்குள் புகுந்தது. ஏறத்தாழ 14,500 பேர் மாண்டார்கள். செத்த மாடுகள் சுமார் 1,90,000. விளைந்து நின்ற நெல் போனது. வீட்டில் சேர்த்து வைத்த நெல்லும் போனது. உப்பு நீர் தேங்கிய குளங்களில் குடிக்கத் தண்ணீர் இல்லை. உழுவதற்கு மாடு இல்லாமல் அடுத்த ஆண்டு விவசாயமும் அன்றே போய்விட்டது. மாட்டின் சாவைத் தனியாக எண்ணி எழுதினார்களே என்று ஒரு கணம் தோன்றும். விவசாயி வீட்டில் மாடு செத்தால் அடுத்த வருஷச் சோறு செத்தது என்று அர்த்தம்.

புயலுக்குப் பதினேழு நாள் முன்புதான் அதே மாவட்டத்தின் தம்லுக்கில், வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின் ஊர்வலத்தை நடத்திச் சென்ற எழுபது வயதைத் தாண்டிய மூதாட்டி மாதங்கினி ஹாஜ்ரா போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்திருந்தார். அரசுக்கு அந்த மாவட்டம் கலகக்கார மாவட்டம். புயல் செய்தி வெளிவராமல் தணிக்கை செய்யப்பட்டது. நிவாரணம் தாமதிக்கப்படுகிறது, மக்கள் தண்டிக்கப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. மாகாண அமைச்சராக இருந்த சியாமா பிரசாத் முகர்ஜி அடுத்த மாதமே பதவியைத் துறந்தார். அவர் சொன்ன காரணங்களில் மிட்னாபூரும் ஒன்று.

அந்த அக்டோபரில் இன்னொன்றும் நடந்தது. புயலுக்குப் பதினோரு நாள் முன்பு, இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு தேவாலயத்தில் சில நல்ல மனிதர்கள் கூடினார்கள். ஜெர்மானியரின் பிடியில் இருந்த கிரீஸ் நாடு பட்டினியில் செத்துக்கொண்டிருந்தது. பிரிட்டனின் கடல் முற்றுகை உணவுக் கப்பலையும் தடுத்தது. முற்றுகையைத் தளர்த்தி உணவை அனுப்ப வேண்டும் என்று அவர்கள் குழு அமைத்தார்கள். அதுதான் பின்னாளில் ஆக்ஸ்ஃபாம். கிரீஸுக்காக அன்று பேச ஆள் இருந்தது. மிட்னாபூருக்காகப் பேசியவர்களில் பலர் சிறையில் இருந்தார்கள்.

புயல் வெறும் தொடக்கம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான் வசம் விழுந்ததிலிருந்தே அரிசி இறுகிக்கொண்டு வந்தது. பர்மா அரிசி நின்றால் யார் யார் வயிறு காயும் என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கீழ் பர்மாவின் வயல்களில் ஓடிய பணத்தில் பெரும்பங்கு செட்டிநாட்டிலிருந்து போனது. அங்கே விளைந்த அரிசியை நம்பித்தான் திருவிதாங்கூரும் இலங்கையும் உலை வைத்தன. வங்காளத்துக்கு அதோடு இன்னொரு இடி: ஜப்பான்காரன் வந்தால் அவன் கையில் எதுவும் சிக்கக்கூடாது என்று கடலோர மாவட்டங்களில் அரிசியை அப்புறப்படுத்தினார்கள், பல்லாயிரம் படகுகளைப் பறித்தார்கள் அல்லது உடைத்தார்கள். ஆறே பாதையாக இருக்கிற ஊரில் படகு போனால் மீனவனுக்குத் தொழில் போகும், குயவனுக்குச் சந்தை போகும். ராணுவத்துக்கும் கல்கத்தாவின் ஆலைகளுக்கும் முதலில் அரிசி என்றானது. வியாபாரிகள் பதுக்கினார்கள். ஒரு மணங்கு அரிசி, அதாவது 37 கிலோ, கல்கத்தாவில் 1942 டிசம்பரில் 13, 14 ரூபாய். அடுத்த மே மாதம் 30 ரூபாயைத் தாண்டியது. ஆகஸ்டில் 37 ரூபாய். நாள் கூலிக்கு வேலை செய்கிறவனுக்குக் கூலி அப்படியே இருந்தது. அரிசி கண்ணெதிரே கடையில் இருந்தது; வாங்க முடியவில்லை. அன்று சாந்திநிகேதனில் ஒன்பது வயதுச் சிறுவனாக இதைப் பார்த்த அமர்த்தியா சென், பின்னாளில் பொருளாதார அறிஞராகி இந்த ஒன்றைத்தான் நிறுவினார்.

பஞ்சச் சட்டம் என்று ஒன்று இருந்தது. 1876–78-ல் நம் பக்கத்தைச் சுடுகாடாக்கிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, அந்தச் சாவுகள் போட்ட கணக்கிலிருந்து எழுதப்பட்ட விதிமுறைகள் அவை. பஞ்சம் வருவதற்கான அறிகுறி என்ன, எப்போது வேலை கொடுக்க வேண்டும், எப்போது கஞ்சித்தொட்டி திறக்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. சேலத்திலும் பெல்லாரியிலும் செத்த லட்சக்கணக்கானவர்கள் விட்டுப்போன உயில் என்றே அதைச் சொல்வேன். வங்காள அரசு கடைசிவரை பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்கவே இல்லை. அறிவித்தால் சட்டப்படி சோறு போட வேண்டும். போடுவதற்குக் கையிருப்பு இல்லை என்றார்கள். 1943 ஆகஸ்ட் 22 அன்று ‘ஸ்டேட்ஸ்மன்’ ஆசிரியர் இயன் ஸ்டீஃபன்ஸ், தெருவில் செத்துக் கிடந்தவர்களின் படங்களை அச்சிட்ட பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. செத்தவர்கள் 15 லட்சம் என்றது அரசு அமைத்த விசாரணைக் குழு. பிற்கால ஆய்வாளர்கள் பலர் 30 லட்சத்தை ஒட்டிச் சொல்கிறார்கள்.

இந்த அரசில்தான் பி.ஆர். சென் நிவாரண ஆணையராக இருந்தார். இதை மறைத்து அவருக்கு மாலை போட எனக்கு மனமில்லை. கொள்கையை வகுத்தவர் அவர் இல்லை. லண்டனிலும் டெல்லியிலும் கவர்னர் மாளிகையிலும் அது வகுக்கப்பட்டது. ஆனால் நிறைவேற்றிய இயந்திரத்துக்குள் அவர் இருந்தார். பஞ்சம் முற்றிய பிறகு எந்த அதிகாரியாலும் எதுவும் செய்ய முடியாது என்பதை அவரைவிட அருகிலிருந்து பார்த்தவர்கள் குறைவு. அவருடைய பிற்காலம் முழுவதையும் நான் அங்கிருந்துதான் படிக்கிறேன்.

1943-ல் அவரை டெல்லிக்கு அழைத்து உணவுத் துறைத் தலைமை இயக்குநர் ஆக்கினார்கள். ரேஷன் என்ற சொல் நம் மொழிக்குள் வந்து உட்கார்ந்த காலம் அது. 1944 ஜனவரி இறுதியில் கல்கத்தாவில் ரேஷன் தொடங்கியது. 1946-ல் மழை பொய்த்துச் சென்னை மாகாணமும் மைசூரும் பம்பாய்த் தக்காணமும் தவித்தபோது, ஆள் ஒன்றுக்கு நாளைக்கு 12 அவுன்ஸ், கிட்டத்தட்ட 340 கிராம் தானியம் என்று அளவைக் குறைத்தார்கள். வயிறு நிறையாது. ஆனாலும் வங்காளத்தில் நடந்தது இன்னொரு முறை நடக்கவில்லை. நம் தாத்தா பாட்டிகள் புழு அரிசியையும் கோதுமையையும் திட்டிக்கொண்டே வாங்கிய அந்தக் கார்டு, அவர்களில் எத்தனை பேரைக் காப்பாற்றியது என்பதை யாரும் எண்ணவில்லை.

விடுதலைக்குப் பிறகு தூதராக இத்தாலி, அமெரிக்கா, ஜப்பான் என்று போனார். அதை விரைவாகக் கடந்துவிடலாம். 1956-ல் எஃப்.ஏ.ஓ. என்கிற ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் தலைவர் ஃபிலிப் கார்டன் உடல்நலம் கெட்டு விலகியபோது, அந்த இடத்துக்கு சென் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இங்கே ஒரு தேதியைக் கவனிக்க வேண்டும். எஃப்.ஏ.ஓ.வின் விதை விழுந்தது 1943 மே 18 முதல் ஜூன் 3 வரை, அமெரிக்காவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில். ரூஸ்வெல்ட் அழைத்து 44 நாடுகள் கூடின. எந்த மனிதனும் உணவின்றித் தவிக்கக்கூடாது என்று பேசின. இந்தியாவின் சார்பில் கிரிஜா சங்கர் பாஜ்பாய் போயிருந்தார். கல்கத்தாவில் அரிசி 30 ரூபாயைத் தாண்டியது மே மாதம் மூன்றாவது வாரம். அதே வாரம்! மலைச்சாரல் ஹோட்டலில் உலகத்தின் பசியைப் பற்றித் தீர்மானம் எழுதிக்கொண்டிருந்தபோது, வங்காளக் கிராமங்களில் அண்டாவையும் நகையையும் விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தீர்மானத்திலிருந்து பிறந்த அமைப்பின் தலைமைக்கு, அந்த வங்காளத்திலிருந்தே ஒருவர் போனார்.

ரோமில் எஃப்.ஏ.ஓ. இயங்கும் கட்டடத்துக்கும் ஒரு கதை உண்டு. ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளை ஆள்வதற்கான அமைச்சகத்துக்கு என்று முசோலினி எழுப்பத் தொடங்கியது அது. வாசலில், எத்தியோப்பியாவின் அக்சும் நகரிலிருந்து அவர் படைகள் பெயர்த்து வந்த பழங்காலக் கல்தூண் நின்றது. 1960-ல் மட்டும் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை பெற்றன. அவற்றின் பிரதிநிதிகள் எஃப்.ஏ.ஓ. உறுப்பினர்களாக அந்தத் திருட்டுத் தூணைத் தாண்டித்தான் உள்ளே நடந்து போனார்கள். (2005-ல்தான் அது தாய்மண் திரும்பியது.) உள்ளே போனவர்களை வரவேற்ற தலைவர், தாமும் ஓர் அடிமை நாட்டில் பிறந்தவர். பட்டினியைப் புள்ளிவிவரமாக மட்டும் அறிந்த ஒருவர் அங்கே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கிறேன்.

அவர் கையில் இருந்தது என்ன? அரிசி இல்லை, கப்பல் இல்லை, கிடங்கு இல்லை. எஃப்.ஏ.ஓ. அப்போது நிபுணர்களின் அமைப்பு. கணக்கெடுக்கும், ஆலோசனை சொல்லும், அறிக்கை அச்சிடும். பாய்ட் ஓர் கேட்ட அதிகாரத்தைக் கொடுக்க மாட்டோம் என்று பெரிய நாடுகள் சொல்லி முடித்துவிட்டன. அதே கதவைத் திரும்பத் தட்டாமல், சென் ஜனங்களிடம் போனார். பசியை அரசாங்கங்களுக்கு இடையிலான கோப்பு விவகாரமாக விட்டுவைத்தால் அது கோப்பிலேயே கிடக்கும். பள்ளிப் பிள்ளைக்கும் தேவாலயத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் அது தெரிய வேண்டும் என்று நினைத்தார். வங்காளத்தில் செய்தியை மறைத்ததுதான் எத்தனை உயிரைக் குடித்தது! உரக்கச் சொல்ல வேண்டும் என்ற இந்த எண்ணம் அவருக்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

1959-ல் எஃப்.ஏ.ஓ. மாநாடு ஒப்புக்கொண்டது. 1960 ஜூலை 1 அன்று ‘பசியிலிருந்து விடுதலை’ இயக்கம் தொடங்கியது. சொந்தச் செயலகத்துக்குள்ளேயே முணுமுணுக்கும் அளவுக்கு அது புதிய வழி. அரசாங்கங்களின் அமைப்பு ஒன்று, அரசாங்கத்தைத் தாண்டித் தெருவுக்கு வருகிறது. நாடு நாடாகக் குழுக்கள் அமைந்தன. போப் 23-ஆம் ஜான் ஆதரவு தெரிவித்தார். கிரீஸுக்காகத் தொடங்கிய ஆக்ஸ்ஃபாம், இந்த இயக்கத்தின் தோளில் ஏறித்தான் ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் பெரிதாகப் பணம் திரட்டக் கற்றது. அயர்லாந்தில் ‘கோர்டா’ பிறந்தது. ஐரிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்கே பஞ்சம், பசி என்று பொருள். உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேரைப் பறிகொடுத்த நாடு அது; கேட்டவுடன் புரிந்துகொண்டது.

சேர்ந்த பணம் சோற்றுப் பொட்டலமாகப் போகவில்லை. விதை, கிணறு, மீன்பிடிப் பயிற்சி, பண்ணைப் பள்ளி என்று போனது. 1961-ஐ உலக விதை ஆண்டாகக் கொண்டாடினார்கள். அதே ஆண்டு தொடங்கிய உரத் திட்டத்தில், ஆய்வுப் பண்ணையில் செய்து காட்டாமல் விவசாயியின் சொந்த வயலிலேயே பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் போட்டுக் காட்டினார்கள். ரசாயன உரம் மண்ணுக்குச் செய்ததைப் பற்றி இன்று நமக்கு வேறு கேள்விகள் உண்டு, கேட்கவும் வேண்டும். ஆனால் விளைச்சலைக் கூட்டுவது எப்படி என்று அன்று ஓர் ஏழை விவசாயியிடம் போய் நின்று காட்டியவர்கள் மிகக் குறைவு.

என் பெரியப்பாவின் பழைய தபால்தலை ஆல்பத்தில், நீலமும் சாம்பலும் கலந்த ஒரு 15 நயா பைசா தபால்தலை இருக்கிறது. எஃப்.ஏ.ஓ. சின்னத்தை நோக்கிக் கைகள் நீள்கின்றன. சின்னத்தின் நடுவில் ஒரு கோதுமைக் கதிர். 1963 மார்ச் 21 அன்று இந்தியத் தபால்துறை வெளியிட்டது. அந்த ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளும் ஆட்சிப் பகுதிகளும் இதே பொருளில் தபால்தலை வெளியிட்டன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்தக் கைகளுக்கு முகம் இல்லை. கேட்கிற கைகளா, கொடுக்கிற கைகளா என்று சிறுவயதில் எனக்குக் குழப்பம். இப்போது பார்க்கும்போது தகரக் குவளை மட்டும்தான் அதில் இல்லை என்று தோன்றுகிறது.

அந்த ஜூனில் வாஷிங்டனில் உலக உணவு மாநாடு. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். கென்னடி தொடங்கி வைத்தார். நம் தலைமுறையிலேயே பசியை ஒழிக்க வழியும் வசதியும் இருக்கிறது, மனம்தான் வேண்டும் என்ற கருத்தில் பேசினார். ஐந்து மாதத்தில் அவர் இல்லை.

கென்னடியின் காலத்தில் இன்னொரு கதவும் திறந்தது. அமெரிக்கக் கிடங்குகளில் கோதுமை குவிந்து கிடந்தது. அதை எடுத்துப் பசித்த நாடுகளின் வளர்ச்சிக்கு எப்படிப் பயன்படுத்தலாம் என்று நிபுணர் குழு அமைத்து 1961-ல் ஓர் அறிக்கை தயாரிக்க வைத்தார் சென். பொருளாதார அறிஞர் ஹான்ஸ் சிங்கர் அதற்குத் தலைமை. அந்த ஏப்ரலில் ரோமில் நடந்த கூட்டத்துக்கு அமெரிக்காவின் சார்பில் வந்திருந்த ஜார்ஜ் மெக்கவர்ன், வார இறுதியில் வாஷிங்டனோடு பேசி அனுமதி வாங்கி, 10 கோடி டாலரில் ஒரு நிதியம், அதில் 4 கோடி டாலர் மதிப்பில் அமெரிக்கத் தானியம் என்று மேசையில் வைத்துவிட்டார். யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்த ஆண்டு இறுதிக்குள் எஃப்.ஏ.ஓ.வும் ஐ.நா. பொதுச் சபையும் தீர்மானம் போட்டு, மூன்றாண்டுப் பரிசோதனையாக உலக உணவுத் திட்டம் பிறந்தது. பாய்ட் ஓருக்கு மறுக்கப்பட்ட கனவின் ஒரு துண்டு அது.

முறைப்படி 1963 ஜனவரியில்தான் தொடங்க வேண்டும். 1962 செப்டம்பர் 1 அன்று ஈரானில் பூகம்பம். 12,000-க்கும் மேல் சாவு. காத்திருக்கவில்லை. 1,500 டன் கோதுமை, 270 டன் சர்க்கரை, 27 டன் தேயிலை போய்ச் சேர்ந்தன. தேயிலையை யார் நினைத்துச் சேர்த்தார்களோ, அவர் வாழ்க! வீடிழந்து திறந்தவெளியில் குந்தியிருக்கிறவனுக்கு ஒரு வாய் சூடான தேநீர் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எதிர்ப்பும் இருந்தது. இலவசக் கோதுமை வந்து இறங்கினால் உள்ளூர் விவசாயியின் தானியம் விலைபோகாது என்ற அச்சம் நியாயமானது. கொடுப்பவரையே நம்பி நிற்க நேரும் என்ற அச்சமும் இருந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் இந்தியாவே அதற்கு உதாரணம். 1965, 66-ல் அடுத்தடுத்து மழை தவறி, 1966-ல் மட்டும் ஒரு கோடி டன் தானியம் இறக்குமதி செய்தோம். கப்பலில் இருந்து நேரே வாய்க்கு என்று உலகம் நம்மைச் சொன்னது. அமெரிக்க அதிபர் ஜான்சன் கயிற்றை இழுத்து இழுத்து, மாதக் கணக்கில் பார்த்துப் பார்த்து அனுப்பினார். கொடுக்கிறவன் கையில் கயிறு இருக்கும் என்பதை சென் அறியாதவர் இல்லை. அதனால்தான் உதவியைப் பல நாடுகளுக்குப் பொதுவான அமைப்பின் வழியாகக் கொண்டுவர அவ்வளவு பாடுபட்டார்.

அதே வறட்சியில், பீகாரின் பலாமு, கயா பக்கம் நிலம் வெடித்துக் கிடந்தது. ஜெயப்பிரகாஷ் நாராயண் நிவாரணக் குழு அமைத்து ஊர் ஊராகச் சமையற்கூடம் திறந்தார். பள்ளிக்கூடங்களில் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறு போடப்பட்டது. 1967 ஏப்ரலில் மாநில அரசு சில பகுதிகளில் பஞ்சம் என்று வெளிப்படையாக அறிவித்தது. 1943-ல் எந்தச் சொல்லை உச்சரிக்க ஓர் அரசு மறுத்ததோ, அந்தச் சொல். மக்கள் துன்பப்பட்டார்கள், இறந்தவர்களும் உண்டு. ஆனால் வங்காளம் திரும்ப வரவில்லை.

அந்த ஆண்டின் இறுதியில் சென் பதவியிலிருந்து இறங்கினார். பதினோரு ஆண்டுகள். அவர் விடைபெற்ற மாநாட்டில் எஃப்.ஏ.ஓ. அவர் பெயரில் ஒரு விருதை ஏற்படுத்தியது. ரோமில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு அது கிடையாது. வயலிலும் கடலோரத்திலும் காட்டிலும் நின்று வேலை செய்கிற களப்பணியாளர்களுக்கு மட்டும். 1970-ல் இந்தியா அவருக்குப் பத்ம விபூஷண் கொடுத்தது. 1993-ல் கல்கத்தாவில் மறைந்தார், 95 வயதில்.

அவருக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவர், உலக உணவுத் திட்டத்தின் முதல் இயக்குநராக இருந்த டச்சுக்காரர் அட்டேகே பூர்மா. அவருக்கும் ஒரு பஞ்சம் இருந்தது: 1944-ஆம் ஆண்டின் குளிர்காலம், ஜெர்மானியரின் பிடியில் ஹாலந்து, துலிப் செடியின் கிழங்கைத் தோண்டி வேகவைத்துத் தின்ற ஜனங்கள். அடுத்த இதழில் அங்கே போவோம்.

(தொடரும்)